அல்டோ சக்சபோன் மக்கர் பண்ணினால்: குறையைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

வன்னியில் ஒரு அல்டோ பழுதானால் அதைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். திருவிழாக் காலத்தில் அது நடக்கிற காரியமில்லை. ஆனால் "வாத்தியம் சரியில்லை" என்று ஒதுக்கி வைக்கப்படும் அல்டோக்களில் பலவற்றுக்குப் பட்டறையே தேவைப்படாது. ரீட் (ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் தகடு), நெக் (உடலின் மேல் மாட்டும் வளைந்த குழாய்), ஒரு திருகாணி, விழுந்துபோன ஒரு கோர்க் துண்டு என்ற நான்கில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

தொழில்முறை வாத்தியம் என்றால் இந்தத் தொல்லை வராது என்று நினைக்க வேண்டாம். செல்மர் சூப்பர் அக்சன் 80 சீரிஸ் 2, யமஹா 62, யானகிசாவா போன்றவற்றில் ஸ்பிரிங்குகள் நீல உருக்கு. விரலுக்கு இதமானவை, உப்புக் காற்றில் துருப்பிடிப்பவை. இணைந்து இயங்கும் கீகளுக்கு நடுவே சீர்செய்யும் திருகாணிகள் இருக்கின்றன. நுணுக்கமாகச் சரிசெய்ய அவை உதவும். கிரவல் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் போனால் தளர்ந்தும் விடும்.

ஒரு விதியை மட்டும் மீற வேண்டாம். வாயிலிருந்து பெல் (கீழேயுள்ள அகன்ற முனை) வரை, மேலிருந்து கீழாகத்தான் பார்க்க வேண்டும். ரீட், மவுத்பீஸ், நெக், ஒக்ரேவ் பொறி (சுரத்தை ஒரு ஸ்தாயி உயர்த்துவது), பிறகுதான் உடலிலுள்ள பேடுகள் (துளைகளை மூடும் தோல் மெத்தைகள்). காரணம் தெரியும்வரை திருப்புளியைக் கையில் எடுக்க வேண்டாம்.

வீட்டில் வைத்திருக்க வேண்டியவை: மணிக்கூடு திருத்துகிற சின்னத் திருப்புளிகள், சிகரெற் சுற்றும் மெல்லிய தாள், பற்றரியில் எரியும் எல்ஈடி மாலை (கோயில் சோடினைக்கு வாங்குகிற வகை போதும்), லேஸ் பின்னும் கொக்கி ஊசி, றப்பர் வளையங்கள், தையல் மெசின் எண்ணெய், ஐசோபுரோப்பைல் அல்ககோல், ஒட்டுப் பசை, 1.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள கோர்க் தாள்.

"அண்ணை, கீழ் நோட்ஸ் வருதில்லை"

அதிகம் கேட்கிற முறைப்பாடு இதுதான். கீழ் டி, சி, பி, பி ஃபிளாட் ஆகியவை வராது. அல்லது மேல் ஒக்ரேவுக்குத் தாவும், அல்லது படகு மெசின் போல டுப் டுப் என்று அடிக்கும். காரணம் பெரும்பாலும் காற்றுக் கசிவு. குழாய் நீளமாக மூடப்பட மூடப்பட எங்கோ ஒரு சிறு ஓட்டை கூட அலையைக் குலைத்துவிடும். அதனால்தான் மேலே ஜி, ஏ நன்றாக ஒலித்தாலும் கீழே போகப் போகத் தடுமாறும்.

முதலில் வேறொரு ரீட்டைப் போட்டுப் பாருங்கள். பிறகு நெக்கின் திருகாணியை அளவாக இறுக்கி, நெக்கைப் பிடித்து அசையுங்கள். இறுக்கிய பிறகும் ஆடினால் அந்தப் பூட்டில் காற்றுப் போகிறது. அழுக்கும் பழைய கிரீசும் இருந்தால் அல்ககோலில் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். இன்னும் ஆடினால் பூட்டுக்குள் போகும் நெக்கின் அடி வளையத்தைப் பட்டறையில் விரிக்க வேண்டும். அதுவரை, தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை நாடாவை அதில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி ஓட்டலாம். ஆட்டத்தை நிறுத்துகிறேன் என்று திருகாணியைக் குறட்டால் முறுக்கினால் பூட்டின் வாய் நெளிந்துவிடும். அது பெரிய செலவு.

நெக் சரி என்றால் கசிவின் இடத்தைத் தேடலாம். ஒக்ரேவ் கீயைத் தொடாமல் நடு பி-யிலிருந்து அரைச் சுரம் அரைச் சுரமாக, மெல்லிய ஊதலில், விரல்களை அழுத்தாமல் இறங்குங்கள். எந்தச் சுரத்தில் முதன்முதலாக ஊதல் கனக்கிறதோ, ஒலி மங்குகிறதோ, கசிவு அந்தச் சுரத்துக்காக மூடிய பேடில் அல்லது அதற்கு மேலே இருக்கிறது. கீழே தேடுவது வீண்.

அடுத்து வெளிச்சம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு எல்ஈடி மாலையை உடலுக்குள் இறக்குங்கள். ஒவ்வொரு கீயாக மெதுவாக மூடி, பேட்டுக்கும் துளை விளிம்புக்கும் இடையில் ஒளி தெரிகிறதா என்று சுற்றிவரப் பாருங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: பலமாக அழுத்தினால் எந்தப் பேடும் மூடும். வாசிக்கும்போது விழுகிற அளவு பாரத்தில் மூடினால்தான் அது மூடியதாகக் கணக்கு. எப்போதும் மூடியே இருக்கும் பக்கக் கீகளையும் உள்ளங்கைக் கீகளையும் விட்டுவிடாதீர்கள். ஸ்பிரிங் தளர்ந்தால் அவையும் கசியும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

வெளிச்சத்தில் பிடிபடாததைத் தாள் காட்டும். சிகரெற் தாளை 5 மில்லிமீற்றர் அகலத்துக்கு வெட்டி, பேட்டின் கீழ் வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். கடிகாரத்தின் 12, 3, 6, 9 நிலைகளில் இழுப்பு ஒரேயளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் வழுக்கினால் கசிவு அங்கே.

பேடுகள் தனித்தனியே நன்றாக மூடியும் கீழ்ச் சுரம் வரவில்லை என்றால் ஜி ஷார்ப்பையும் பிஸ் பி ஃபிளாட்டையும் (பி கீக்கு அடுத்த சின்னக் கீ) சந்தேகப்படுங்கள். வலக்கையின் எஃப், ஈ, டி கீகளில் எதை மூடினாலும் எஃப் கீக்கு மேலேயுள்ள சிறு மூடியும் சேர்ந்து மூடும். அதிலிருந்து மேல்நோக்கிப் போகும் உலோகக் கையில் இரண்டு திருகாணிகள் இருக்கும். ஒன்று ஜி ஷார்ப் மூடியை அமுக்கிப் பிடிக்கிறது, மற்றது பிஸ் மூடியை.

சோதனை எளிது. கீழ் டி-யை ஊதிக்கொண்டு இடக்கைச் சுண்டுவிரலால் ஜி ஷார்ப் கீயை அழுத்துங்கள். ஒலி மாறவே கூடாது. மாறினால், உடைந்தால், அந்தத் திருகாணி தளர்ந்திருக்கிறது. பிஸ்ஸுக்கு, இடக்கைச் சுட்டுவிரலையும் வலக்கைச் சுட்டுவிரலையும் மட்டும் வைத்து பி ஃபிளாட் வாசியுங்கள். அது மங்கலாக வந்தால் மற்றத் திருகாணி.

வலப்பக்கமாக அரைக்கால் சுற்றுத் திருப்பி, மறுபடி ஊதிப் பாருங்கள். அதற்கு மேல் ஒரேயடியாகத் திருப்ப வேண்டாம். அளவுக்கு மிஞ்சினால் ஜி ஷார்ப் முதலில் மூடிக்கொண்டு, எஃப் கீக்கு மேலேயுள்ள மூடி விளிம்பைத் தொடாமல் நின்றுவிடும். அப்போது எஃப்-இலிருந்து கீழே எல்லாம் கெட்டுவிடும். இரண்டு மூடிகளுக்கும் கீழே ஒவ்வொரு தாள் வைத்து, இரண்டும் ஒரேயளவு இறுகும்வரை சரிசெய்வதே முறை. சரியான இடத்தில் நின்ற பிறகு, திருகாணித் தலையில் நிறமற்ற நகப்பூச்சு ஒரு பொட்டு வைத்தால் ரோட்டு அதிர்வில் நகராது.

பேட் தானே சாய்ந்திருந்தால் கதை வேறு. பேடுகள் மூடிக்குள் அரக்கினாலோ சூட்டுப் பசையாலோ ஒட்டப்பட்டிருக்கின்றன. பூட்டிய வானுக்குள், தகரக் கூரையின் கீழ், பங்குனி சித்திரை வெயிலில் கிடந்த வாத்தியத்தில் அந்தப் பசை இளகி பேட் நகர்ந்திருக்கும். லைட்டரால் மூடியைச் சூடாக்கிப் பேட்டைச் சமப்படுத்துவது திருத்துபவர்கள் செய்கிற வேலைதான். ஆனால் முத்துப் பதித்த கீகளில் அதைச் செய்தால் முத்து கருகும், லாக்கர் (பித்தளை மேலுள்ள பூச்சு) கொப்பளிக்கும். கைபழகாதவர்கள் அதில் இறங்க வேண்டாம்.

டுப் டுப் அடிக்கும் கீழ் பி-க்கு ஒரு பழைய உபாயம் உண்டு. மவுத்பீஸ் மூடியைப் பெல்லுக்குள் போட்டால் அது அடி வளைவில் போய்க் கிடக்கும், அடிப்பு நின்றுவிடும். அன்றைய இரவுக்கு அது போதும். கசிவு அப்படியே இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பெட்டியில் வைக்க முன் மூடியை எடுக்கவும் மறக்க வேண்டாம்.

ஜி ஊதினால் மேலே தாவுகிறது. மேல் ஏ வருவதில்லை

இரண்டுக்கும் ஒரே இடம்: நெக்கின் ஒக்ரேவ் வளையம். நெக்கை மாட்டும்போது அந்த வளையத்தைப் பிடித்துத் திருகுவதால்தான் இது நடக்கிறது. பாடசாலை வாத்தியக் குழுக்களில் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்ல வேண்டியது, நெக்கை அதன் வளைவின் மேல் உள்ளங்கை வைத்துப் பிடி என்பது.

அல்டோவில் ஒக்ரேவ் துளைகள் இரண்டு. நடு டி-யிலிருந்து ஜி ஷார்ப் வரை உடலிலுள்ள துளை திறக்கும். ஏ-யிலிருந்து மேலே நெக்கிலுள்ளது திறக்கும். மாற்றிவிடுவது இடக்கை மோதிரவிரல்.

சோதனை: ஊதாமல் ஜி பிடியுங்கள். பெருவிரலால் ஒக்ரேவ் கீயை அழுத்தி அழுத்தி விடுங்கள். நெக்கின் பேட் துளியும் அசையக் கூடாது. பிறகு ஒக்ரேவை அழுத்தியபடியே மோதிரவிரலை எடுங்கள். இப்போது நெக்கின் பேட் நன்றாகத் திறக்க வேண்டும். ஒக்ரேவை விட்ட நிலையில் வளையத்துக்கும் உடலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிக்கும் இடையே ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால் நல்லது.

பேட் மூடாமல் நின்றால், வளையம் ஊசியில் முட்டுகிறது. நெக்கைக் கழற்றி, பேட்டைப் பெருவிரலால் இறுக்கி மூடிக்கொண்டு, வளையத்தை நெக்கை விட்டு விலகும் பக்கமாக மெல்ல இழுங்கள். பேட் திறக்கவில்லை என்றால் எதிர்மாறு: பேட்டின் கீழ் ஒரு கோர்க் துண்டைச் செருகி, வளையத்தை நெக்கை நோக்கி அழுத்துங்கள். தலைமயிர் அளவு வளைத்து, மாட்டி, சோதித்து, மறுபடி. வளையம் சரியாக இருந்தும் மேல் ஏ தயங்கினால், நெக்கின் ஒக்ரேவ் துளையில் அழுக்கு அடைத்திருக்கும். பேட்டைத் திறந்து, பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பியால் துடையுங்கள். கூரிய ஊசியால் குடைந்தால் துளையின் அளவு மாறிவிடும்.

ஜி ஷார்ப் திறக்கவில்லை

விரல் வைக்கும் கீக்கும் மூடிக்கும் தனித்தனி ஸ்பிரிங். விரல் கீயின் பலமான ஸ்பிரிங் மூடியை அமுக்கி வைத்திருக்கிறது. கீயை அழுத்தினால் அந்தப் பிடி விடுபடும். மூடியைத் தூக்குவது அதன் மெலிந்த ஸ்பிரிங் மட்டுமே. பேட் சற்று ஒட்டினாலும் அதற்குத் தூக்கப் பலம் காணாது. சீனி போட்ட தேத்தண்ணியும் சோடாவும் குடித்த வாயோடு ஊதுவதே பாதிக் காரணம். மாரியில் ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும்.

மூடியை விரலால் தூக்கி, துளை விளிம்பை அல்ககோல் தொட்ட துணியால் துடையுங்கள். பேட்டுக்கும் விளிம்புக்கும் இடையே சுத்தமான மெல்லிய தாள் வைத்து, மெல்ல மூடித் திறந்து, தாளை இடம்மாற்றி மறுபடி செய்யுங்கள். தாளில் பழுப்புக் கறை வருவது நிற்கும்வரை. முகப்பவுடர் போடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது; அன்றைக்குச் சரியாகும், பிறகு ஈரத்தோடு சேர்ந்து களியாகிப் பேட்டைக் கெடுக்கும். துடைத்தும் திறக்கவில்லை என்றால் மூடியின் ஸ்பிரிங் அதன் தாங்கியை விட்டு விலகியிருக்கிறதா பாருங்கள். கொக்கி ஊசியால் இழுத்து மாட்டிவிடலாம்.

கீச்சிடுகிறது

ரீட்டின் நுனி உடைந்திருக்கிறதா, மவுத்பீஸின் நடுவில் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. கோடையில், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், ரீட் காய்ந்து நுனி அலையலையாக நெளியும். சுத்தமான தண்ணீரில் ஒன்றிரண்டு நிமிடம் ஊறவிட்டால் நுனி நேராகும். அடிப்பக்கம் வளைந்த ரீட்டுக்கு ஊறல் போதாது. கண்ணாடித் துண்டின் மேல் 600 இலக்க மண்தாளை வைத்து, அதில் ரீட்டின் தட்டைப் பக்கத்தை நீளவாக்கில் நாலைந்து தரம் தேயுங்கள். நுனியில் விரல் பாரம் விழக் கூடாது.

ரீட்டும் மவுத்பீஸும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று அறிய: ரீட் கட்டிய மவுத்பீஸின் அடித் துளையை உள்ளங்கையால் அடைத்து, நுனியில் வாய் வைத்து உறிஞ்சி, வாயை எடுங்கள். ஒன்றிரண்டு வினாடி ஒட்டி நின்று பிறகு "பொப்" என்று விட்டால் பொருத்தம் நல்லது. உடனே விட்டால் ரீட் வளைந்திருக்கிறது, அல்லது மவுத்பீஸின் முகம் தேய்ந்திருக்கிறது.

மூன்று நான்கு ரீட்டுகளை மாற்றி மாற்றி வாசிப்பதே மலிவு. ரீட்டை மவுத்பீஸிலேயே விட்டு வைப்பது நுனியையும் கெடுக்கும், பூஞ்சணமும் பிடிக்கும்.

ரீட் குற்றமற்றது என்றால் கைகளைப் பாருங்கள். இடது உள்ளங்கை மேல் டி கீயை உரசுகிறதா? வலக்கைப் பக்கம் பக்கக் கீகளை முட்டுகிறதா? பெருவிரல் கொக்கியை நகர்த்தக்கூடிய வாத்தியம் என்றால் அதை மாற்றினாலே இது தீரும். கீச்சுச் சத்தத்துக்காக வாத்தியத்தைக் குறை சொல்கிறவர்கள் இதைக் கேட்க விரும்புவதில்லை.

சுருதி சேரவில்லை

முதலில் கணக்கு. அல்டோ ஈ ஃபிளாட் வாத்தியம். சி பிடித்தால் வெளியே ஒலிப்பது ஈ ஃபிளாட், அதாவது 2½ கட்டை. 2 கட்டைக்கு பி-யை ஆதாரமாக எடுக்க வேண்டும். 1 கட்டைக்கு ஏ. கீபோர்ட்காரரோடு வருகிற தகராறுகளில் சில இங்கேயே முடிந்துவிடும்.

வெக்கையில் முழு வாத்தியமும் மேலே போகும். காற்று 20 பாகையிலிருந்து 35 பாகைக்குச் சூடானால் அதில் ஒலியின் வேகம் கூடி, சுருதி ஏறத்தாழ 45 சென்ற் (அரைச் சுரத்துக்கு 100 சென்ற்) உயரும். கிட்டத்தட்ட அரைச் சுரத்தில் பாதி. குழாய்க்குள் உள்ள காற்றை மூச்சு ஏற்கெனவே சூடாக்குவதால் நடைமுறையில் இவ்வளவு ஏறாது, ஆனாலும் காதுக்குத் தெரியும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கும், ஆவணித் திருவிழாவுக்கு மடுவிலும் திறந்த வெளியில் வாசிக்கிறவர்கள் அறைக்குள் வைத்த சுருதியை நம்பக் கூடாது. ஐந்து நிமிடம் ஊதிச் சூடாக்கி, அந்த இடத்திலேயே சுருதி வையுங்கள்.

மவுத்பீஸை வெளியே இழுத்தால் எல்லாச் சுரமும் சமமாக இறங்குவதில்லை. 1 மில்லிமீற்றர் இழுத்தால் விரல் எதுவும் வைக்காத சி ஷார்ப் ஏறத்தாழ 3 சென்ற் இறங்கும். கீழ் பி ஃபிளாட் அதில் பாதிகூட இறங்காது. குறுகிய குழாயில் அதே 1 மில்லிமீற்றர் பெரிய பங்கு. ஆகவே கீழே சரியாகவும் மேலே கூர்மையாகவும் இருந்தால் மவுத்பீஸ் உள்ளே அதிகம் போயிருக்கிறது. கீழே சரியாக இருந்து மேலே தணிந்தால் அதிகம் வெளியே இருக்கிறது.

அல்லது வாய். மவுத்பீஸை மட்டும் ஊதிப் பாருங்கள். 880 ஹேர்ட்ஸ் ஏ, அல்லது அதற்குச் சற்றுக் கீழே வந்தால் வாய்ப் பிடி சரி. அதற்கு மேலே போனால் கீழ்த்தாடை கடிக்கிறது. மேல் ஒக்ரேவ் முழுவதும் கூர்மையாக நிற்பதற்கு இது போதுமான காரணம். மவுத்பீஸை நகர்த்தி அது தீராது.

சில சுரங்கள் பிறவியிலேயே வளைந்தவை, விலை கூடிய அல்டோவிலும். நடு சி ஷார்ப் தணியும். மோதிரவிரலையும் ஒக்ரேவையும் மட்டும் வைத்துப் பிடித்தால் ஏறும். நடு டி கூர்மையாக வரும். கீழ் பி கீயைச் சேர்த்து மூடினால் இறங்கும். உள்ளங்கைக் கீச் சுரங்கள் கூர்மையாக இருந்தால் தொண்டையைத் தளர்த்தினாலே போதும். ஆனால் நேற்றுவரை சரியாக இருந்த ஒரு சுரம் இன்று திடீரென்று கூர்மையானால், அது பிறவிக் குணமல்ல. அந்தக் கீயின் பாதத்திலிருந்த கோர்க் விழுந்து, மூடி உயரமாகத் திறக்கிறது.

கீ சத்தம் போடுகிறது, கனக்கிறது, எழும்புவதில்லை

"டக் டக்" என்ற உலோகச் சத்தம் என்றால் விழுந்த கோர்க்கைத் தேடுங்கள். அதே தடிப்பில் வெட்டி, இரண்டு பக்கமும் ஒட்டுப் பசை பூசி, காயவிட்டு ஒட்டுங்கள். கோர்க் இல்லாத நேரத்தில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரர் இரண்டு மடிப்பு தாக்குப்பிடிக்கும்.

கீ எழும்பவில்லை என்றால் ஸ்பிரிங் விலகியிருக்கும் அல்லது ஒடிந்திருக்கும். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரத்தில் நீல ஊசி ஸ்பிரிங்குகள் அடியில் துருப்பிடித்து ஒடிவது வழமை. கச்சேரிக்கு நடுவே நடந்தால் றப்பர் வளையம் கைகொடுக்கும். திறந்து நிற்க வேண்டிய கீயைத் திறக்கும் பக்கம் இழுத்துக் கட்டுங்கள், மூடி நிற்க வேண்டியதை மூடும் பக்கம். இரவு முடிந்ததும் கழற்றிவிடுங்கள்; றப்பரிலுள்ள கந்தகம் லாக்கரையும் வெள்ளிப் பூச்சையும் கறுக்கவைக்கும்.

கீ கனத்து மெதுவாக எழும்பினால் தண்டில் செம்மண் புழுதி. தண்டின் இணைப்புகளில் ஊசி முனையால் ஒரு துளி தையல் மெசின் எண்ணெய் விட்டு, கீயைப் பலமுறை அசைத்து, வெளியே கசிவதை உடனே துடையுங்கள். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் வேண்டாம். சில மாதத்தில் பிசினாகிவிடும். நெக்கின் கோர்க்குக்கும் அவை ஆகாது. கோர்க் கிரீசே வேண்டும்.

ஊதினால் காற்றே போகவில்லை

சிரிக்க வேண்டாம். துடைக்கிற துணி உள்ளே சிக்கியிருக்கும், அல்லது நெக்கைத் திறந்த அலுமாரியில் வைத்திருந்தால் குளவி மண்கூடு கட்டியிருக்கும். தண்ணீரில் ஊறவைத்துக் கரைக்கலாம், ஒக்ரேவ் பேட் நனையாமல். கம்பியால் இடிக்க வேண்டாம்.

பட்டறைக்குத்தான் போக வேண்டும் என்றால்

விழுந்து உடல் வளைந்தது, பெல் ஒரு பக்கம் சாய்ந்து கீழ் பி-யும் பி ஃபிளாட்டும் ஒன்றாகக் கெட்டது, தண்டு வளைந்தது, பேட்டின் தோல் கிழிந்தது, நெக் உள்நோக்கி மடிந்தது: இவற்றில் கை வைக்க வேண்டாம். அனுப்பும்போது நெக்கையும் மவுத்பீஸையும் தனித்தனித் துணியில் சுற்றுங்கள். உடலின் மேல் வாயில் அடைப்பானைப் போடுங்கள், ஒக்ரேவ் ஊசியைக் காப்பது அதுதான். பெட்டிக்குள் வாத்தியம் அசையாதபடி துவாய் திணியுங்கள். எந்தச் சுரத்தில் என்ன நடக்கிறது, எந்தத் திருகாணியை நீங்கள் திருப்பினீர்கள், எந்தப் பக்கம், எத்தனை சுற்று என்பதை ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். வழமையாக வாசிக்கிற மவுத்பீஸையும் ஒரு ரீட்டையும் சேர்த்தே அனுப்புங்கள். வேறொன்றில் சோதித்துத் திருப்பி அனுப்பினால் கிளிநொச்சிக்கு வந்த பிறகு அதே குறை மறுபடி தலைகாட்டலாம்.